வயது, செல்லுக்குள் இருக்கும் தாது உப்புகள், பி.பி., சுகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், வீட்டில் பெரியவர்களின் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கும் எழுதியது. மெக்னீசியம் மாத்திரை விளம்பரங்கள் பெருகிவிட்ட காலம் இது. அவற்றுக்குப் பின்னால் உண்மையான அறிவியல் ஒன்று இருக்கிறது. ஆனால் விளம்பரம் சொல்வது வேறு, அந்த அறிவியல் சொல்வது வேறு.

செல்லுக்குள் தாது உப்புச் சமநிலை என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

நம் ரத்தத்திலும் செல்லைச் சுற்றியுள்ள நீரிலும் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. செல்லுக்குள் போனால் எல்லாம் தலைகீழ். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். செல்லுக்குள் சுமார் 140. சோடியம் வெளியே 135 முதல் 145. உள்ளே 10, 15 அளவுதான். கால்சியத்தின் கதை இன்னும் தீவிரம். கட்டுறாமல் தனித்து உலவும் கால்சியம் செல்லுக்குள் இருப்பதைவிட வெளியே ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு அதிகம்.

இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல செல்லின் சவ்வில் உள்ள பம்புகள் ராப்பகலாக ஓடுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-ல் கண்டறிந்தார். அதற்காக 1997-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் கணிசமான பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது. அந்த ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு வேலை செய்ய வேண்டுமானால் கூடவே மெக்னீசியம் ஒட்டியிருக்க வேண்டும். மெக்னீசியத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுவதற்கு முதல் காரணம் அதுதான்.

சரி, இதற்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்?

ரத்தக் குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசை சுருங்குவதற்கு உத்தரவு கொடுப்பது செல்லுக்குள் நுழையும் கால்சியம். கால்சியம் கூடினால் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். மெக்னீசியம் இதற்கு எதிர்த்தரப்பு. கால்சியம் நுழையும் வழிகளில் குறுக்கே நின்று தசையைத் தளர்த்தும். உங்கள் வீட்டில் யாராவது ஆம்லோடிபின் சாப்பிட்டால், அந்த மாத்திரை செய்வதும் கால்சியம் உள்ளே நுழைவதைத் தடுப்பதுதான்.

சோடியமும் இந்தக் கணக்கில் வருகிறது. செல்லுக்குள் சோடியம் சேர்ந்துவிட்டால் கால்சியத்தை வெளியேற்றும் வேலை மந்தமாகிவிடும், ஏனென்றால் கால்சியத்தை வெளியே அனுப்பும் ஒரு வழி சோடியத்தை உள்ளே வாங்கிக்கொண்டுதான் இயங்குகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் மொர்டெகாய் பிளாஸ்டீன் 1977-லேயே இதை முன்வைத்தார். உப்பு ஏன் சிலருக்கு மட்டும் பி.பி.யை அதிகம் ஏற்றுகிறது என்பதற்கான விளக்கங்களில் இதுவும் ஒன்று.

சர்க்கரை நோய்க்கு?

இன்சுலின் செல்லின் மேல் உட்கார்ந்து ‘சர்க்கரையை உள்ளே விடு’ என்று சொல்கிறது. அந்தச் செய்தியை உள்ளே கடத்தும் என்சைம் சரியாக இயங்க மெக்னீசியம் தேவை. அது குறைந்தால் இன்சுலின் இருந்தும் செல் காது கொடுப்பதில்லை. இன்சுலின் எதிர்ப்பு என்று டாக்டர்கள் சொல்வதன் ஒரு பகுதி இது.

இன்சுலின் சர்க்கரையை மட்டும் உள்ளே தள்ளுவதில்லை, பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே தள்ளுகிறது. இதை ஐ.சி.யு.வில் கண்ணால் பார்க்கலாம். சிறுநீரகம் பழுதாகி, பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிய நோயாளி வந்தால், சுகரே இல்லாதவராக இருந்தாலும் நர்ஸ் 10 யூனிட் இன்சுலினை ஏற்றுவார், கூடவே 25 கிராம் குளுக்கோஸ். குளுக்கோஸ் எதற்கு? சுகர் தாழ்ந்துவிடாமல் இருக்க. இன்சுலின் எதற்கு? பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் அனுப்ப. கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கத் தொடங்கும். உடம்பை விட்டு ஒரு துளி பொட்டாசியமும் போயிருக்காது, இடம்தான் மாறியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் சிறுநீரில் சர்க்கரை போகும்போது மெக்னீசியமும் சேர்ந்து வெளியேறும். குறைந்த மெக்னீசியத்தால் இன்சுலின் இன்னும் மந்தமாகும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துவிடும் சுழல் இது.

வயதானால் செல்லுக்குள் என்ன மாறுகிறது?

1984-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் லாரன்ஸ் ரெஸ்னிக், ஜான் லாரா ஆகியோரின் குழு சிவப்பணுக்களுக்குள் தனித்து உலவும் மெக்னீசியத்தை அளந்தது. பி.பி. உள்ளவர்களுக்கு அது குறைவாக இருந்தது. எவ்வளவு குறைவோ அவ்வளவு அழுத்தம் அதிகம். பிறகு பருமன் உள்ளவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இதே சாயலைப் பார்த்தார்கள்: உள்ளே கால்சியம் கூடுதல், மெக்னீசியம் குறைவு. பி.பி., பருமன், சுகர் மூன்றும் ஏன் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன என்பதற்கு இதுவே பொது வேர் என்று ரெஸ்னிக் வாதிட்டார்.

2000-ல் இத்தாலியின் மரியோ பார்பகல்லோவும் ரெஸ்னிக்கும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு இதை வயதோடு இணைத்தது. பி.பி.யும் சுகரும் இல்லாத ஆரோக்கியமான ஆட்களிடமே வயது ஏற ஏற செல்லுக்குள் கால்சியம் கூடுவதும் மெக்னீசியம் குறைவதும் தெரிந்தது. பி.பி., சுகர் உள்ளவர்களிடம் காணும் மாற்றம் எதுவோ, அதே திசையில்தான் முதுமையும் செல்லைக் கொண்டுபோகிறது என்பது அதன் சாரம்.

ஏன் குறைகிறது என்பதற்குக் காரணங்கள் பல. குடல் முன்போல் மெக்னீசியத்தை உறிஞ்சாது. சிறுநீரகம் முன்போல் பிடித்துவைக்காது. பல் போனபின் கடினமான பயறும் கொட்டையும் தட்டிலிருந்து மறைந்து, இட்லி, ரசம் சாதம், பிஸ்கட் என்று சாப்பாடு சுருங்கிவிடும். அப்புறம் மாத்திரைகள், அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன். பொட்டாசியத்துக்கு இன்னொரு காரணம் தசை. உடம்பின் பொட்டாசியத்தில் பெரும்பகுதி தசையில் இருக்கிறது. இயற்கையாகவே நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகையை வெளியிலிருந்தே எண்ணும் கருவிகள் உண்டு. அவற்றால் அளந்தபோது வயதோடு மொத்தப் பொட்டாசியமும் இறங்குவது தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் மெக்னீசியம் குறைவதால்தான் பி.பி.யும் சுகரும் வருகிறதா?

அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. நோய் முதலா, குறைவு முதலா என்பதை மேலே சொன்ன வகை அளவீடுகள் தீர்க்காது. வயதானவர்களின் பி.பி.யில் பெரும்பங்கு பெரிய ரத்தக் குழாய்கள் விறைத்துப்போவதால் வருவது. அறுபதுக்குமேல் மேல் எண் ஏறி, கீழ் எண் அப்படியே நிற்பதும் இறங்குவதும் அதனால்தான். சுகருக்கு வயிற்றுக் கொழுப்பும் உட்கார்ந்தே இருப்பதும் குடும்ப வழியும் பெரிய காரணங்கள். தாதுச் சமநிலை இவற்றோடு பின்னிய ஒரு இழை. அதை மட்டும் பிடித்து இழுத்தால் முழு முடிச்சும் அவிழும் என்று நான் நம்பவில்லை.

ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் 1.9, நார்மல் என்று வந்திருக்கிறது. பிறகென்ன கவலை?

உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற செல்களிலும். ரத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கை உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது சமாளித்துவிடும். ஆகவே ரத்த அளவு குறைவாக வந்தால் நிச்சயம் குறைவு இருக்கிறது. நார்மலாக வந்தால் செல்லுக்குள் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. செல்லுக்குள் அளக்கும் முறைகள் ஆய்வகங்களோடு நிற்கின்றன, தெருமுனை லேபில் கிடைக்காது. தலைமுடியை அனுப்பினால் உடம்பின் எல்லாத் தாதுவையும் சொல்கிறோம் என்பவர்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பொட்டாசியம் 6.1 என்று வந்து பயந்துபோனோம். லேபில் ‘சாம்பிள் ஹீமோலைஸ்டு, திரும்ப ரத்தம் கொடுங்கள்’ என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நரம்பு கிடைக்காமல் ஊசியில் வலிந்து இழுத்தாலும் குழாயைப் பலமாகக் குலுக்கினாலும் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உள்ளே அடைந்திருக்கும் பொட்டாசியம் கொட்டி, வெளி அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். குழாயைச் சுழலவிட்டபின் மேலே தெளிந்து நிற்கும் நீர் இளமஞ்சளாக இருக்க வேண்டும். ரோஜா நிறமாகவோ சிவப்பாகவோ இருந்தால் உடைந்திருக்கிறது. மறுபடி கொடுங்கள், அன்றைக்கே கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் ‘லேப் தப்புதான்’ என்று விட்டுவிடக் கூடாது. 6-க்கு மேல் நிஜமாகவே இருந்தால் இதயத்துடிப்பு தடுமாறலாம்.

மெக்னீசியம் மாத்திரை போட்டால் பி.பி. இறங்குமா?

இறங்கும், கொஞ்சம். 34 சோதனைகள், சுமார் 2,000 பேர் சேர்ந்த ஒரு தொகுப்பாய்வு 2016-ல் வந்தது. தினமும் 370 மில்லிகிராம் அளவில் மூன்று மாதம் எடுத்ததில் மேல் எண் 2 புள்ளி, கீழ் எண் 2-க்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. ஒரு நாட்டு மக்கள் முழுக்க 2 புள்ளி இறங்கினால் பெரிய விஷயம். 160-ல் இருக்கும் உங்கள் மாமனாருக்கு அது பெரிய விஷயமில்லை. பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைப் போடுவது அபாயம்.

சுகருக்கும் அப்படித்தான். குறைவு உறுதியானவர்களுக்குக் கொடுத்தால் பயனுண்டு. குறைவே இல்லாதவர்கள் எல்லோருக்கும் கொடுங்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பதில்லை. சிறுநீரகம் சரியாக இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மலச்சிக்கலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் குடிக்கும் பல சிரப்புகளில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. க்ரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறிய பெரியவர் அதை மாதக்கணக்கில் குடித்தால் மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கி, தூக்கமும் தளர்ச்சியுமாகி, பி.பி. இறங்கிவிடும்.

ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. அதற்காவது?

வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவுவதில்லை என்றுதான் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு சொல்கிறது. பாதத்தை முகம் நோக்கி மடக்கி நீட்டுங்கள். அடிக்கடி வந்தால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

செல்லுக்குள் கால்சியம் கூடினால் கெடுதல் என்றால், பாலையும் ராகியையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். இது பலர் தடுக்கி விழும் இடம். சாப்பாட்டில் வரும் கால்சியம் நேரே போய்ச் செல்லுக்குள் உட்காருவதில்லை. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால்தான், ரத்தக் கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். அந்த ஹார்மோனும் செயல்நிலை வைட்டமின் டி-யும் சேர்ந்து ரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியத்தைக் கூட்டும் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. கால்சியம் மிகக் குறைவாகச் சாப்பிடும் நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு வரும் ஆபத்தான பி.பி.யைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் கால்சியம் கொடுக்கச் சொல்வதையும் நினைவில் வையுங்கள். பாலையும் ராகியையும் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரை வடிவில் எவ்வளவு என்பது மட்டும் டாக்டர் முடிவு.

உப்பு எவ்வளவு போடலாம்?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமையலில் போடுவது, மோரில் கலப்பது, ஊறுகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர் எல்லாம் சேர்த்து. ஆப்ப சோடாவும் அப்பளக்காரமும் உப்பு இல்லை என்று நினைக்கிறோம், அவையும் சோடியம்தான். வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் பொங்கவிட்டுக் குடிக்கும் பொடியிலும் சோடியம் இருக்கிறது.

வயதானால் பி.பி. ஏறத்தான் செய்யும் என்று சொல்வார்கள். 1988-ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரம் பேரைப் பார்த்தது. அதில் பிரேசிலின் யானோமாமி பழங்குடிகள் உப்பே சேர்க்காதவர்கள். அவர்களின் சராசரி அழுத்தம் 95/61 அளவில் இருந்தது. வயதோடு ஏறவும் இல்லை. அவர்கள் ஒல்லியானவர்கள், நடந்துகொண்டே இருப்பவர்கள், மது குடிக்காதவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் ‘வயசானா வரும்’ என்ற சமாதானத்தை அது ஆட்டிவிடுகிறது.

இந்துப்பு பி.பி.க்கு நல்லதுதானே?

இந்துப்பில் 95 சதவீதத்துக்கு மேல் சோடியம் குளோரைடு, அதாவது சாதா உப்பேதான். அது பொட்டாசியம் குளோரைடு என்று இணையத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். தவறு. அதிலுள்ள மற்ற தாதுக்கள் கணக்கில் எடுக்கும் அளவில் இல்லை. பெரும்பாலும் அயோடினும் சேர்த்திருக்காது. நல்லது என்று நம்பி ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுவதுதான் இதில் உள்ள ஒரே நிச்சயமான விளைவு.

அப்படியானால் ‘லோ சோடியம்’ என்று விற்கிற உப்பு?

அதில் சோடியத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். இது வேலை செய்கிறது என்பதற்கு வலுவான சான்று சீனாவிலிருந்து வந்தது. வட சீனாவின் 600 கிராமங்கள், 20,995 பேர். எல்லோரும் முன்பு பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பி.பி. உள்ள, அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சுமார் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மரணம் 12 சதவீதம் குறைவு. 2021-ல் முடிவு வெளியானது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிறுநீரகம் பழுதானவர்கள் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியத்தை வெளியேறவிடாத ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றுபவை. அவற்றை எடுப்பவர்கள் க்ரியாட்டினின், பொட்டாசியம் பார்த்து டாக்டரிடம் கேட்டபின்தான் வாங்க வேண்டும். சர்க்கரை நோய் பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களுக்குத் தெரியாமலே சிறுநீரகம் பாதி தேய்ந்திருக்கலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சுகர் இருப்பவர் இளநீர், வாழைப்பழம் சாப்பிடலாமா? பொட்டாசியம் வேண்டுமே.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் அளவாகச் சாப்பிடலாம். ஆனால் பொட்டாசியத்துக்கு அவைதான் வழி என்பது இல்லை. கீரை, பயறு, வாழைப்பூ, முருங்கைக்காய், தக்காளி, மோர் எல்லாவற்றிலும் இருக்கிறது, சர்க்கரையையும் அதிகம் ஏற்றாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: காயை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடச் சொல்வார்கள், இளநீரை விலக்கச் சொல்வார்கள்.

மெக்னீசியம் எதில் அதிகம்?

தீட்டிய வெள்ளரிசியில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவுதான். தீட்டாத அரிசியில் 90-க்கு மேல். ராகியில் சுமார் 145, கம்பில் 125-க்கு அருகில், முழுப் பச்சைப்பயறில் அதைவிடக் கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 440, பெண்களுக்கு 370 மில்லிகிராம் பரிந்துரைத்தது. பூசணி விதையும் நிலக்கடலையும் எள்ளும் கைகொடுக்கும். பல் இல்லாதவர்களுக்குப் பயறை முளைகட்டி வேகவைத்து மசித்தோ, நிலக்கடலையைத் துவையலாக அரைத்தோ கொடுக்கலாம். ராகிக் கூழ் என்றால் சுகர் ஏறாது என்று நினைத்துச் சொம்பு சொம்பாகக் குடிக்க வேண்டாம். நன்றாக அரைத்துக் காய்ச்சிய எந்தக் கூழும் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும்.

எந்த மாத்திரைகள் தாதுச் சமநிலையைக் குலைக்கின்றன?

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசிமைடு போன்ற நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் நன்றாக இறங்கினால் கணையம் இன்சுலினைச் சுரப்பதும் குறையும். தயசைடு வகை சிலருக்குச் சுகரை லேசாக ஏற்றுவதற்கு அது ஒரு காரணம். மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது, இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

நம் ஊரில் பெரிதும் கவனிக்கப்படாதது கேஸ் மாத்திரை. ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் வகையை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் எச்சரித்தது. எப்போதோ ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்ததை ஐந்து வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பெரியவர்கள் எத்தனை பேர்! எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ‘இது இன்னும் தேவையா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. பி.பி.க்காக உப்பே சேர்ப்பதில்லை. இரண்டு நாளாகத் தடுமாறுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வயதின் மறதியா?

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பக்கவாதமா என்று பார்ப்பார்கள், சுகரும் சோடியமும் பார்ப்பார்கள். தயசைடு மாத்திரை, உப்பில்லாப் பத்தியம், கூடவே ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரை மூன்றும் சேர்ந்தால் வயதான பெண்களுக்குச் சோடியம் 120-க்குக் கீழே இறங்குவது அபூர்வமில்லை. வாந்தியும் பேதியும் வந்த நாட்களில் இன்னும் வேகமாக இறங்கும். உப்பைக் குறைப்பது என்பது 5 கிராமுக்குள் வைப்பது. அறவே ஒழிப்பதல்ல.

துத்தநாகம், குரோமியம் மாத்திரைகள்?

கணையத்தில் இன்சுலின் துத்தநாகத்தோடு பிணைந்துதான் சேமிக்கப்படுகிறது, உண்மை. அதற்காக எல்லா சர்க்கரை நோயாளியும் துத்தநாக மாத்திரை போட வேண்டியதில்லை. குரோமியத்துக்கும் அதே பதில்.

அடுத்த செக்கப்பில் என்ன கேட்பது?

பி.பி. அல்லது சுகர் உள்ள அறுபது வயதுக்காரருக்கு க்ரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும்; சுகர் என்றால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ராமிப்ரில், டெல்மிசார்டன் வகையோ நீர் மாத்திரையோ புதிதாகத் தொடங்கினாலும் அளவைக் கூட்டினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி. நீர் மாத்திரையோ கேஸ் மாத்திரையோ நீண்ட நாளாகப் போனால், அல்லது பொட்டாசியம் ஏறாமல் அடம்பிடித்தால், மெக்னீசியத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். போகும்போது மருந்துச் சீட்டோடு வீட்டில் உள்ள சிரப், பொடி, சத்து மாத்திரை டப்பா, சமையலறையில் இருக்கும் உப்பு பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.